இரண்டு லட்சம் யானைச் சீல்கள், இரண்டே இரண்டு தாய்வழிகள்

கலிஃபோர்னியாவின் அன்யோ நுவேவோ கடற்கரை ஜனவரியில் சந்தைக்கடை மாதிரி இருக்கும். இரண்டு டன் எடையுள்ள ஆண் யானைச் சீல்கள் தொங்கும் மூக்கைத் தூக்கி உறுமிக்கொண்டிருக்கும். பெண்கள் குட்டிகளை ஒட்டிக் கிடக்கும். சண்டை போடும் ஆண்களின் அடியில் சிக்கிக் குட்டிகள் நசுங்குவதும் உண்டு. எதிரே உள்ள சின்னத் தீவில் இந்த விலங்கு முதலில் தென்பட்டது 1955இல். அங்கே முதல் குட்டி பிறந்தது 1961இல், கரைப்பக்கம் முதல் குட்டி 1975இல். வடக்கு யானைச் சீலின் மொத்த எண்ணிக்கை இன்று 2 லட்சத்துக்கு மேல்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல மீட்புக் கதை கடலில் அதிகம் இல்லை. ஆனால் தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா (உயிரணுவுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) டிஎன்ஏவில் வழக்கமாக அதிகம் மாறக்கூடிய பகுதியை எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தபோது, 1993இல் வெளிவந்த ஆய்வில் கிடைத்தவை இரண்டே வகைகள். அதே ஆய்வில் தென்கோளத்துச் சகோதர இனமான தெற்கு யானைச் சீலில் 48 விலங்குகளைப் பார்த்ததற்கே 23 வகைகள். தலை எண்ணிக்கை மீண்டுவிட்டது, மரபணு மீளவில்லை. இந்த இரண்டாவது கணக்கை எப்படி எடுக்கிறார்கள், எங்கெல்லாம் அது தப்பாகப் போகும் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் இழப்பு எப்படி நேர்ந்தது என்பது. 19ஆம் நூற்றாண்டில் இவற்றைக் கொன்றது கொழுப்புக்காக. பெரிய ஆண் ஒன்றிலிருந்து சுமார் 200 கேலன் எண்ணெய் இறங்கும். கரைக்கு வந்தால் ஓடத் தெரியாத விலங்கு, ஆகவே வேட்டை சுலபம். 1880களில் இனம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1892இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக மாதிரி சேகரிக்கப் போன குழு, மெக்சிகோவின் குவாதலூப்பே தீவில் 8 விலங்குகளைக் கண்டது. அருங்காட்சியகத்துக்கு வேண்டும் என்று அதில் 7ஐக் கொன்றது. கடைசி என்று நினைத்துக்கொண்டேதான் கொன்றார்கள்.

அப்படியும் இனம் அழியாததற்குக் காரணம் அதன் வாழ்க்கை முறை. பெண் வருடத்தில் சுமார் 10 மாதம், ஆண் சுமார் 8 மாதம் நடுக்கடலில்தான் இருக்கும். இனப்பெருக்கத்துக்கு ஒரு முறை, தோல் உரிக்க ஒரு முறை என்று கரையேறும், அதுவும் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப வெவ்வேறு மாதங்களில். எந்த நாளில் போய்க் கரையைத் துடைத்தாலும் ஒரு பகுதி கடலில் மிச்சம் இருக்கும். 1911இல் அதே தீவில் 125, 1922இல் 264 என்று எண்ணினார்கள். 1922இல் மெக்சிகோ அரசு தீவைக் காப்பிடமாக்கியது. இன்று மெக்சிகோவிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கிற அத்தனையும் அந்தக் கையளவு விலங்குகளின் வாரிசு.

கையளவு என்றால் எவ்வளவு? இங்கேதான் அந்தப்புரக் கணக்கு வருகிறது. யானைச் சீலில் ஒரு ஆண் பல பெண்களைத் தன் வளைவுக்குள் வைத்துக்கொண்டு மற்ற ஆண்களைத் துரத்தும். அதனால் உயிரோடு இருப்பவை எத்தனை என்பதும், மரபணுவை அடுத்த தலைமுறைக்குக் கடத்துபவை எத்தனை என்பதும் வேறு வேறு. இதைப் பயனுறு எண்ணிக்கை என்பார்கள். ஆண், பெண் எண்ணிக்கையைப் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 20 பெண், 1 ஆண் என்றால் 80ஐ 21ஆல் வகுத்து 3.8. கரையில் 21 உருப்படி கிடக்கும், மரபணுக் கணக்கில் நாலுகூட இல்லை. 200 பெண்கள் இருந்தாலும் ஆண் ஒன்றே என்றால் விடை 4ஐத் தாண்டாது.

நமக்குப் பழக்கமான கணக்கில் சொல்வதானால்: ஒரே ஆணுக்கு அந்த வருடம் பிறந்த குட்டிகள் எல்லாம் தகப்பன் ஒன்று, தாய் வேறு என்ற சகோதரங்கள். அவை வளர்ந்து தங்களுக்குள் சேர்ந்தால், பிறக்கும் குட்டியின் உட்கலப்பு அளவு, அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, எட்டில் ஒன்று. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் பிள்ளைக்கு வரும் அளவும் இதே எட்டில் ஒன்றுதான். மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் பதினாறில் ஒன்று. நம் ஊரில் சில குடும்பங்களில் ஒரு தலைமுறையில் நடப்பது, அங்கே இனம் முழுக்க, தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். பன்மை என்பது ஒரே அளவு அல்ல, குறைந்தது இரண்டு அளவுகள். ஒன்று, ஒரு மரபணுவுக்கு மொத்த இனத்திலும் எத்தனை வடிவங்கள், அதாவது எத்தனை அல்லீல்கள் உள்ளன என்பது. மற்றது, ஒரு விலங்கை எடுத்தால் தாயிடமிருந்து வந்த பிரதியும் தந்தையிடமிருந்து வந்த பிரதியும் வேறுபடும் இடங்கள் எவ்வளவு என்பது. இதற்கு ஹெட்டிரோசைகோசிட்டி என்று பெயர். இடுக்கில், அதாவது எண்ணிக்கை மிகச் சுருங்கும் கட்டத்தில், மாட்டும் இனத்தில் முதலாவது மடமடவென்று சரியும், இரண்டாவது மெதுவாகத்தான் இறங்கும்.

குடவோலை எடுப்பது போல நினைத்துக்கொள்ளலாம். பெரிய குடத்தில் நூற்றுக்கு 5 ஓலையில் ஒரு பெயர். 10 விலங்கு பிழைக்கிறது என்றால் 20 ஓலை எடுக்கிறோம். அந்தப் பெயர் ஒரு முறைகூட வராமல் போக வாய்ப்பு 36 சதவீதம். நூற்றுக்கு 1 ஓலை மட்டுமே உள்ள பெயர் என்றால் 82 சதவீதம். அபூர்வமானவை ஒரே அடியில் போய்விடும். ஆனால் அதே 10 விலங்குகளால் ஹெட்டிரோசைகோசிட்டி ஒரு தலைமுறையில் குறைவது 5 சதவீதம் மட்டுமே. ஆகவே “ஹெட்டிரோசைகோசிட்டி பெரிதாகக் குறையவில்லை” என்ற ஒரே வரியை வைத்து இனம் நலம் என்று எழுதும் அறிக்கைகளைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டும் வருவது, ஒரு விலங்குக்கு ஒரே வடிவம். ஆணும் பெண்ணும் சமமாகக் குட்டி போடும் இனத்தில் அது உயிரணுவின் உட்கருவிலுள்ள டிஎன்ஏவைவிட நாலு மடங்கு வேகமாகத் தொலையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்தப்புர இனத்துக்கு அதை அப்படியே பொருத்தினால் தப்பு. மேலே சொன்ன 20 பெண், 1 ஆண் உதாரணத்தில் உட்கருவிலுள்ள மரபணுவுக்குப் பயனுறு பிரதிகள் சுமார் 7.6, மைட்டோகாண்ட்ரியாவுக்கு 20. பெண்கள் ஓரளவு பிழைத்திருந்தால் தாய்வழிகள் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். இரண்டே மிஞ்சின என்றால், பிழைத்த பெண்களும் மிகச் சிலவே. 1993 ஆய்வின் கணினி மாதிரியும் இதைத்தான் சொன்னது: 20 வருடம் நீடித்த இடுக்கு என்றால் 30க்கும் குறைவான விலங்குகள், ஒரே வருட இடுக்கு என்றால் 20க்கும் குறைவு.

இனி மாதிரி எடுக்கும் வேலை. பால்குடி மறந்த குட்டிகளிடம் எடுப்பது எளிது. நாலு வாரம் பால் குடித்து 35 கிலோவிலிருந்து 130 கிலோ வரை ஊதிய குட்டியைத் தாய் அப்படியே விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அதன் பின்துடுப்பின் விரலிடைத் தோலில் அடையாள வில்லை மாட்டத் துளை போடுவார்கள். அந்தத் துளையிலிருந்து வரும் தோல் துண்டே மாதிரி, தனியாகக் காயப்படுத்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் இதற்கெல்லாம் 1972ஆம் ஆண்டின் கடற்பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். உரிந்து கிடக்கும் தோலையும் பொறுக்கலாம். இந்த விலங்கு முடியோடு சேர்த்துத் தோலைத் தாள் தாளாக உரிக்கும். ஆனால் வெயிலில் கிடந்த தோலில் டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும், பக்கத்தில் கிடந்ததன் தோலும் கலந்திருக்கும்.

துண்டை அரிசி அளவுக்கு நறுக்கி, 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். திசு ஒரு பங்கு என்றால் எத்தனால் குறைந்தது ஐந்து பங்கு. துண்டிலுள்ள நீர் எத்தனாலை நீர்த்துவிடும் என்பதால் மறுநாள் ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. ஃபார்மலினில் போட்டால் முடிந்தது கதை: அது டிஎன்ஏவைப் புரதத்தோடு பின்னிப் பிணைத்துவிடும். விமானத்தில் அனுப்ப எத்தனால் தொல்லை, தீப்பிடிக்கும் பொருள் என்று நிறுத்துவார்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானின் 20 சதவீதக் கரைசலில், இனிக் கரையாது என்ற அளவுக்கு உப்பைக் கரைத்தது அதற்கு மாற்று, குளிர்பெட்டியும் உடனடியாக வேண்டாம். குப்பியில் எழுதுவது பென்சிலால். மார்க்கர் பேனா மை எத்தனால் ஒரு சொட்டு பட்டாலே அழிந்துவிடும், பிறகு எது எந்த விலங்கு என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.

மாதிரியைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் பிழை ஆய்வகப் பிழையைவிட மோசம். ஒரே கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் 30 குட்டிகளைப் பிடித்தால், பாதிக்குமேல் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவையாக இருக்கலாம். அந்தக் குடும்பத்தின் அல்லீல்களை இனத்தின் அல்லீல்கள் என்று அறிவித்துவிடுவோம். பயனுறு எண்ணிக்கை உண்மையைவிடச் சிறியதாக வரும். கரையின் பல இடங்களில், பல வருடங்களில் எடுக்க வேண்டும்.

தோலைப் புரோட்டீனேஸ் கே நொதியில் 56 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க ஊறவைத்து டிஎன்ஏவைப் பிரித்த பிறகு, எதைப் படிப்பது? முறைகள் மாறிவந்திருக்கின்றன. 1974இல் 159 விலங்குகளின் ரத்தப் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். 24 மரபணு இடங்களில் ஒன்றில்கூட வேறுபாடு இல்லை. அன்றைக்கு அது பெரிய அதிர்ச்சி. பிறகு மைக்ரோசாட்டலைட்டுகள் வந்தன, அதாவது டிஎன்ஏவின் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள், எத்தனை முறை வருகிறது என்பதே வேறுபாடு.

மைக்ரோசாட்டலைட்டில் வழக்கமாக வழுக்கும் இடம், அல்லீல் விடுபடுவது. டிஎன்ஏ குறைவாக இருந்தால் அதை ஆய்வகத்தில் படியெடுத்துப் பெருக்கும்போது இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பெருகும், கலப்பாக உள்ள விலங்கு ஒரே வகை போலத் தெரியும். ஏற்கெனவே பன்மை குறைந்த இனத்தில் இந்தப் பிழை கண்ணில் படவே படாது, எதிர்பார்த்த விடையே வருவதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிழை வீதம் ஒரு அல்லீலுக்கு 2 சதவீதம்தான் என்றாலும், 15 இடங்களைப் படித்தால் 30 அல்லீல்கள். குறைந்தது ஒரு பிழையாவது உள்ள விலங்குகள் 45 சதவீதம். பத்தில் ஒரு மாதிரியையாவது முதலிலிருந்து மறுபடி ஓட்டாத ஆய்வை நம்புவது கடினம். வேறு இனத்துக்காக உருவாக்கிய தொடக்கிகளை (பெருக்கத் தொடங்கும் இடத்தைக் காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளை) பயன்படுத்தினால் இன்னொரு சிக்கல்: அந்த இனத்தில் பன்மை மிகுந்த இடங்களாகப் பார்த்துப் பொறுக்கியவை அவை. நம் இனத்தில் பன்மை குறைவாகத் தெரிவதில் ஒரு பங்கு அந்தப் பொறுக்கலின் விளைவு.

இப்போது முழு ஜீனோமையே, அதாவது விலங்கின் மொத்த டிஎன்ஏவையே படிக்கிறார்கள். அதில் கவனிக்க வேண்டியது ஆழம், அதாவது ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக எத்தனை முறை படித்தோம் என்பது. ஒரு இடத்தில் இரண்டு பிரதிகளும் வேறு என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை மட்டும் படித்தால், மூன்றும் ஒரே பிரதியிலிருந்து வந்துவிட வாய்ப்பு 25 சதவீதம். ஐந்து முறை என்றால் 6 சதவீதம், பத்து முறை என்றால் 0.2 சதவீதம். ஆழம் குறைந்த ஒரு குழுவையும் ஆழம் மிகுந்த ஒரு குழுவையும் ஒப்பிட்டு “பன்மை பாதியாகிவிட்டது” என்று சொன்னால், அளந்தது பணப்பற்றாக்குறையைத்தான். எல்லாவற்றையும் ஒரே ஆழத்துக்கு இறக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். ஆண் விலங்கின் எக்ஸ் குரோமோசோமைக் கணக்கிலிருந்து நீக்கவும் மறக்கக் கூடாது. அதில் ஒரே பிரதிதான், வேறுபாடு இருக்கவே முடியாது.

முழு ஜீனோமில் கிடைக்கும் பெரிய லாபம், வேறுபாடே இல்லாத நீண்ட ஓட்டங்களை அளக்க முடிவது. தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த துண்டு சந்தித்தால் அந்தப் பகுதி முழுக்க இரண்டு பிரதிகளும் அச்சாக ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் வெட்டி மாற்றிக்கொள்வதால் இந்த ஓட்டம் சிறுத்துக்கொண்டே வரும். அந்தப் பொது மூதாதை எத்தனை தலைமுறைக்கு முன் என்று தெரிந்தால், அதை இரண்டால் பெருக்கி 100ஐ அதனால் வகுத்தால் சராசரி நீளம் சென்டிமார்கன் என்ற மரபணுத் தூர அலகில் வரும். இந்த இனத்தில் தலைமுறை சுமார் 9 வருடம் என்று வைத்தால், 1890களிலிருந்து இன்றுவரை ஏறக்குறைய 15 தலைமுறை. 100ஐ 30ஆல் வகுக்க 3.3 சென்டிமார்கன், தோராயமாக 30 லட்சம் எழுத்துகள். அந்த நீளத்தில் ஓட்டங்கள் குவிந்திருந்தால் 1890களின் கைரேகை. அதைப் போலப் பல மடங்கு நீளத்தில் இருந்தால், நேற்று முந்தாநாள் நடந்த நெருங்கிய உறவுச் சேர்க்கை.

இழப்பு எவ்வளவு என்று சொல்ல, இழப்பதற்கு முன் என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமே. அதற்குப் பழைய எலும்புகள். வேட்டைக்கு முந்தைய எலும்புகளிலிருந்து எடுத்த மைட்டோகாண்ட்ரியாவில், இன்று உயிரோடுள்ள எதிலும் இல்லாத வகைகள் இருந்தன. பழைய டிஎன்ஏவில் சி என்ற எழுத்து சிதைந்து டி போலப் படிக்கப்படும். அதைத் திருத்தாமல் விட்டால், பழைய விலங்குகளில் இல்லாத பன்மையைக் கண்டுபிடித்ததாக எண்ணிக்கொள்வோம். புது மாதிரிகள் நுழையாத தனி அறையில் வேலை, ப்ளீச்சால் துடைத்த மேசை என்றெல்லாம் கெடுபிடி அதனால்தான். மண்டையோடுகளை அளந்தும் பார்த்தார்கள்: இடுக்குக்குப் பிறகு பிறந்தவற்றில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகாத அளவு கூடியிருந்தது.

இவ்வளவு இழந்த விலங்கு எப்படி 2 லட்சமாகப் பெருகியது? 2024இல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன, கேட்பவருக்கு ஒன்றை ஒன்று மறுப்பது போலவே தோன்றும். ஒன்று, இடுக்கின் உச்சத்தில் பயனுறு எண்ணிக்கை வெறும் 6 என்று கணித்தது. உதாரணத்துக்கு, 2 ஆணும் 6 பெண்ணும் குட்டி போட்டால் வரும் எண் அது. ஆனால் இன்றைய விலங்குகளில் உடல் எடை, கொழுப்புத் தடிமன், ஒட்டுண்ணி, நோய் எதிலும் உட்கலப்பின் பாதிப்பு தெரியவில்லை என்றது. கெட்ட மரபணுக்களில் பெரும்பங்கு இடுக்கிலேயே களையெடுக்கப்பட்டிருக்கலாம், அதாவது அவற்றைச் சுமந்தவை அன்றே குட்டி போடாமல் போயிருக்கலாம் என்பது அதன் விளக்கம். மற்றது 260 இன்றைய ஜீனோம்களையும் 8 பழைய ஜீனோம்களையும் படித்தது. உட்கலப்பும், வேலை செய்யாமல் போன மரபணு வடிவங்கள் பெருகியதும், ஆண் பெண் இரண்டின் இனப்பெருக்க வெற்றியையும், பெண்களின் இரைதேடும் பயணத் திறனையும் குறைத்திருக்கின்றன என்றது.

நமக்கு இதில் முரண்பாடு இருப்பதாகத் தோன்றவில்லை. முதலாவது எடை, நோய் என்று விலங்கு மருத்துவப் பதிவுகளில் அகப்படுவதை அளந்தது. இரண்டாவது, வாழ்நாளில் எத்தனை குட்டி, கடலில் என்ன சாதித்தது என்று அளந்தது. எடை சரியாக இருக்கும் விலங்கு, குட்டி போடுவதில் பின்தங்கியிருக்கலாம். தவிர, மீண்ட இனத்தைப் பார்த்துப் “பன்மை இல்லாமலே பிழைக்கலாம்” என்பது தேர்வில் தேறியவனை மட்டும் கேட்டுவிட்டு வினாத்தாள் சுலபம் என்பது மாதிரி. இதே இடுக்கில் போய்த் திரும்பி வராத இனங்கள் கணக்கெடுக்க நம்மிடம் வருவதில்லை.

மறுபக்கமும் சொல்லிவிட வேண்டும். 2023இல் அர்ஜென்டினாவின் வால்தெஸ் தீபகற்பத்தில் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் 17,000க்கும் மேற்பட்ட யானைச் சீல் குட்டிகளைக் கொன்றது. அவை அந்த 23 வகை கொண்ட தெற்கு இனம், பன்மைக்குக் குறைவில்லாதவை. ஒரு இனம் இதுவரை பார்த்திராத வைரஸ் வந்தால் பன்மை அங்கே உடனடியாகக் கைகொடுக்கவில்லை.

போனதைத் திரும்பச் சேர்க்க வழி உண்டா என்றால், கடல்நீர்நாய்க்கு இருந்தது. அலாஸ்காவின் தென்கிழக்கில் அழிந்துபோன இடத்துக்கு 1960களில் அம்சிட்கா தீவு, பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற இரண்டு தனித்தனி மூலங்களிலிருந்து 400க்கு மேற்பட்டவற்றைக் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டும் கலந்ததால் புதிய கூட்டத்தில் பன்மை ஒற்றை மூலத்தைவிட மேம்பட்டது. யானைச் சீலுக்கு இரண்டாவது மூலம் கிடையாது. எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு மாற்றினாலும் எல்லாம் குவாதலூப்பேயின் அதே சீட்டுக்கட்டு. தெற்கு யானைச் சீல் வேறு இனம், அதைக் கொண்டுவந்து கலப்பது பேச்சுக்கே இல்லை. மிச்சமுள்ள வழி புதிய பிறழ்வுகள் மட்டுமே. ஒரு எழுத்து ஒரு தலைமுறையில் மாற வாய்ப்பு பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவில் இருக்கும்போது, இதுவரை போயிருப்பது 15 தலைமுறை. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் புதிதாகத் தோன்றுபவை உடனே தொலைந்துபோகாமல் நிற்கும் வாய்ப்பாவது கூடும். அதனால்தான் இனி ஒரு இடுக்கு வந்தால் முதலாவதைவிட அதன் விலை அதிகம். அதனால்தான் வில்லைத் துளையில் வந்த தோல் துண்டுகளை வருடம் தவறாமல் உறைபெட்டியில் போட்டு வைக்க வேண்டியிருக்கிறது, குப்பியின் மேல் பென்சிலால் எழுதி.